ரேடியோவின் முதல் சத்தம்

யுத்தம் ஆரம்பித்த புதிதில் பெங்களூர் தண்டில் ஒரு ரேடியோக் கடையில் வேலை பார்த்தேன். தண்டு என்று நாங்கள் சொல்வது கன்டோன்மென்டை. பட்டாளமும், பட்டாளத்தை அண்டிப் பிழைக்கிற எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களும், மாதா கோவில்களும் இருக்கிற பக்கம். ரயில் தண்டவாளத்தைத் தாண்டினால் மகாராஜாவின் ஊர். அங்கே மல்லேஸ்வரம், பேட்டை, பசவனகுடி. கடை எங்கள் பக்கம் இருந்தது. ரேடியோ வாங்க வசதியுள்ளவர்கள் பாதிப் பேர் அந்தப் பக்கம் இருந்தார்கள். அதனால் காலையில் கடையில் நின்று விற்பதும், மத்தியானத்துக்கு மேல் சைக்கிளில் அந்தப் பக்கம் போய் வீடுகளில் பொருத்திக் கொடுப்பதுமாக என் பிழைப்பு இரண்டாகப் பிரிந்திருந்தது.

வியாபாரத்தில் இருப்பவனுக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்கு அது சுபாவத்திலேயே கிடையாது. நின்ற இடத்தில் புன்னகை செய்துகொண்டே உள்ளுக்குள் பல்லைக் கடிக்கக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். பல்பு வாங்க வருகிறவருக்கு அதைக் கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த ஹோல்டரில் மாட்டி, எரியவிட்டுக் காட்டிய பிறகுதான் காகிதத்தில் சுற்றிக் கொடுப்போம். இருந்தாலும் மறுநாள் அதே பல்போடு வந்து, “நீ காட்டும்போது எரிஞ்சுது, எங்க வீட்டுல எரியல. உங்க கடை கரன்டு வேற மாதிரி போலிருக்கு” என்பார்கள். சாயங்காலச் செய்தி நேரத்தில் வாசல் கொள்ளாமல் கூட்டம் நிற்கும். ஒருவரும் வாங்கப் போவதில்லை. ஆனால் சத்தம் குறைந்தால் மட்டும், “இன்னாபா, தொண்டை கட்டிக்கிச்சா? தூக்கி வுடு” என்று எனக்கு உத்தரவு வரும். உண்மையாகவே வாங்க வந்த மனிதர் அந்தக் கூட்டத்தைப் பார்த்து மிரண்டு எதிர்க்கடையில் குடை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

சந்தாபுரத்திலிருந்து ஒரு பண்ணைக்காரர் வருவார். அவர் ஊரில் கரன்ட் கிடையாது. பேட்டரியில் ஓடும் ரேடியோ வைத்திருந்தார். அந்த ஆசிட் பேட்டரியை அவ்வப்போது பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து எங்களிடம் சார்ஜ் செய்துகொண்டு போவார். ரேடியோவை விடிந்ததிலிருந்து அடைகிற வரை நிறுத்துவதே இல்லை. பிறகு பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகிறதென்று சண்டைக்கு வருவார். “நீங்க பாதி ரொப்பிட்டுக் குடுக்கிறீங்க சாமி. நான் தூக்கிப் பாத்தேன், வெயிட்டே இல்ல” என்பார். பால்காரனிடம் படியை எட்டிப் பார்ப்பது போல பேட்டரிக்குள் எட்டிப் பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் ஆசிட் தெறித்து என் கால்சட்டையில் ஒரு புது ஓட்டை விழும். அந்த ஓட்டைகளை அம்மா தைத்துத் தைத்து என் கால்சட்டைகளே ஒரு மாதிரி ஜமக்காளமாகிவிட்டன.

இதெல்லாம் தொழிலோடு சேர்ந்த தொல்லை. பழகிப்போயிற்று. கடைசிவரை பழகாத தொல்லை ஒன்றுதான். அது முதல் சத்தம்.

புதிதாக வாங்கிய ரேடியோவை எந்த வீட்டிலும் சும்மா திருகிவிட மாட்டார்கள். பஞ்சாங்கம் பார்த்து, ராகு காலம் தள்ளி, பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சுற்றி, அதன் பிறகுதான் திருகச் சொல்வார்கள். எங்கள் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் மாதா கோவில் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரித்த தண்ணீர் தெளித்ததில், உள்ளே சூடாயிருந்த கண்ணாடி வால்வு ஒன்று டப்பென்று வெடித்து, சாமியார் ஜெபத்தை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். ஆனால் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்தில் இன்னொரு விசேஷம் உண்டு. அந்த முகூர்த்தத்தில் பெட்டியிலிருந்து வரும் முதல் சத்தம் மங்களமாக இருக்க வேண்டும். நாதஸ்வரம் வந்தால் உத்தமம். பாட்டு, வீணை வந்தால் சரி. சாவுச் செய்தியோ அழுகையோ வந்தால் பெட்டி வீட்டுக்கு ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்று எங்கள் முதலாளி வாசலிலேயே பலகை மாட்டி வைத்திருந்தார். அந்தப் பலகையை நான் பார்த்த பார்வைக்கு அது பற்றி எரிந்திருக்க வேண்டும்.

ரேடியோவைத் திருகினால் உடனே சத்தம் வராது. வால்வுகள் சூடாக வேண்டும். அதுவரை நிலையம் காட்டும் முள்ளுக்குப் பின்னால் விளக்கு மட்டும் எரியும். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு அந்த விளக்கைப் பார்த்து நிற்பார்கள். உள்ளே எந்த நிலையத்தில் யார் என்ன பேசப்போகிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் எது வந்தாலும் பழி என்மேல்தான். நான்தான் ஒரு வார்த்தை சொல்லி உள்ளே ஆளை உட்கார்த்தி வைத்த மாதிரி பார்ப்பார்கள்.

மல்லேஸ்வரத்தில் ஒரு வீடு. பல தலைமுறைக்கு முன்பே தமிழ்நாட்டிலிருந்து வந்து மைசூர் சர்க்கார் உத்தியோகத்தில் ஊன்றிய குடும்பம். பெரியவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மகன் சிவமொக்கா பக்கம் வேலையில் இருந்தார். வீட்டில் பெரியவரும் மருமகளும் மட்டும். பெரியவர் கெட்டவர் இல்லை. சங்கீதம் என்றால் உயிர். நவராத்திரிக்கு எங்கே கச்சேரி என்றாலும் நடந்தே போய் முன்வரிசையில் உட்காருவார். ஆனால் சாஸ்திரம், சகுனம் என்று வந்துவிட்டால் அவரிடம் பேசி மீள முடியாது.

அந்த மாதிரி வீடுகளில் எனக்குக் கூடத்தோடு சரி. அதற்கு மேல் உள்ளே போகக் கூடாது. நான் கிறிஸ்தவன். சொல்லிக்காட்டவும் மாட்டார்கள், விடவும் மாட்டார்கள். எனக்குக் காபி தருகிற டம்ளர் தனியாக ஜன்னலில் கவிழ்ந்திருக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், ரேடியோவுக்கு எர்த் கம்பி ஒன்று உண்டு. அதைத் தண்ணீர்க் குழாயில் கட்டினால்தான் கரகரப்பு இல்லாமல் கேட்கும். குழாய் சமையலறைக்குப் பக்கத்தில் இருக்கும். என்னால் அங்கே போக முடியாது. ஆகவே கம்பியின் நுனியைக் கதவிடுக்கு வழியாக உள்ளே தள்ளிவிடுவேன். உள்ளேயிருக்கும் பெண் அதை வாங்கிக் குழாயில் சுற்றுவாள். நான் கூடத்தில் நின்றுகொண்டே, “துருவைச் சுரண்டிட்டுச் சுத்துங்கம்மா, இறுக்கிச் சுத்துங்க” என்று சொல்வேன். முகம் தெரியாத எத்தனையோ பெண்களுக்கு இப்படி மின்சார வேலை கற்றுக் கொடுத்திருக்கிறேன்.

அந்த வீட்டில் ரேடியோவை வைத்தது கூடத்துச் சுவரோரம். பின்னாலேயே இடைகழிக் கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் மருமகள். முதல் நாள் கம்பியை வாங்கும்போது அவர் மெல்லிய குரலில் கேட்டார்: “ஏங்க, இதுல மைசூர் ஸ்டேஷன் நன்னாக் கேக்குமா?”

“கேக்கும்மா. பிரமாதமாக் கேக்கும்.”

“அடுத்த வெள்ளிக்கிழமைக்கு மறு வெள்ளிக்கிழமை என் தங்கை பாடறா. முதல் தடவை.”

அப்புறம் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டேன். மைசூரில் அக்காள் தங்கை இருவரும் ஒரே வாத்தியாரிடம் ஒரே பாயில் உட்கார்ந்து பாட்டுக் கற்றவர்கள். அக்காளுக்குக் கல்யாணமாயிற்று. அதோடு அவர் பாட்டு நின்றது. பெரியவர் தடை போட்டதாகச் சொல்ல முடியாது. கேட்கவே இல்லை, அவ்வளவுதான். பெண் பார்க்க வந்த அன்று பாடச் சொல்லும் வழக்கம்கூட அந்த வீட்டார் வைத்துக்கொள்ளவில்லையாம். தங்கை தொடர்ந்து பாடினாள், இப்போது ரேடியோவில் பாடப் போகிறாள். பக்கத்து வீட்டில் ரேடியோ இருந்தது. ஆனால் சுவர் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. மாமனார் சங்கீதத்துக்காகவே ரேடியோ வாங்குவதாகச் சொன்னதும் மருமகளுக்கு நம்பிக்கை வந்திருக்கிறது. “எப்படியாவது இது இங்கே நிக்கணும்” என்றார். எனக்கும் அதே பிரார்த்தனைதான், காரணம் வேறாயிருந்தாலும்.

முதல் பெட்டி நிற்கவில்லை. நல்ல நேரம் பார்த்துத் திருகினேன். முள் எங்கேயோ வெளிநாட்டு நிலையத்தில் நின்றிருக்கிறது. யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி தொண்டையை உச்சத்தில் தூக்கி, குலுக்கிக் குலுக்கிப் பாடினாள். பெரியவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

“யாரோ ஒப்பாரி வெக்கறா! நிறுத்து, நிறுத்து.”

“அது பாட்டு சார். அவங்க ஊர்ல பெரிய பாட்டு.”

“பெரிய சாவாத்தான் இருக்கும். எடுத்துண்டு போ.”

இரண்டாவதாக வேறொரு பெட்டி. இந்தத் தடவை நான் ஏமாறக் கூடாதென்று பத்திரிகையில் நிகழ்ச்சிகளைப் பார்த்து, வீணை இருக்கிற நேரத்தைக் குறித்துக்கொண்டு போனேன். யுத்த காலத்தில் நடுவில் எதையும் நிறுத்திச் செய்தி சொல்வார்கள் என்பதை மறந்துவிட்டேன். விளக்கு எரிந்தது, வால்வு சூடாயிற்று, பெட்டி கணீரென்று வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை: “மூழ்கியது.” எந்தக் கப்பல், யாருடைய கப்பல் என்று கேட்கக்கூடப் பெரியவர் நிற்கவில்லை. எழுந்து போய்க் கால் கழுவிக்கொண்டார்.

பெட்டியைக் கட்டும்போது கதவுக்குப் பின்னாலிருந்து எர்த் கம்பி தானாக வெளியே வந்தது. கூடவே, “இன்னும் ஒரு தடவை வருவேளா?” என்ற குரல். அது அழுததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் சைக்கிள் மிதித்துக் கடை சேரும் வரை எனக்குக் கோபமாகவே இருந்தது. கப்பல்மேலா, பெரியவர்மேலா, என்மேலேயா என்று பிரித்துப் பார்க்கவில்லை.

கடையில் முதலாளி கொதித்துக்கொண்டிருந்தார். யுத்தத்தால் கப்பலில் சரக்கு வருவது குறைந்துகொண்டிருந்தது. இருக்கிற பெட்டிகளுக்கு ஆள் காத்திருந்தார்கள். “இன்னாபா விளையாட்டு இது? ரெண்டு வாட்டி சந்தனம் பூசி அனுப்பிட்டாங்க. துடைச்சு துடைச்சு பாலீஷே போச்சு. அந்த வூட்டுக்கு இனிமே பெட்டி கிடையாது” என்றார்.

“ஒரே ஒரு வாட்டி முதலாளி.”

“திரும்பி வந்துச்சுன்னா?”

“வந்தா அப்புறம் நான் அந்தத் தெருவுக்கே போகல.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “புதன்கிழமை வரைக்கும்தான். அதுக்கு மேல வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்” என்றார். தங்கை பாடுவது அந்த வெள்ளிக்கிழமை.

பெரியவர் புதன்கிழமைக்குக் கோதூளி முகூர்த்தம் குறித்தார். மாடு வீடு திரும்பும் அந்திப் பொழுது. தோஷமே கிடையாதாம். எனக்கும் அது சௌகரியமாகப் பட்டது. மைசூர் நிலையம் சாயங்கால ஒலிபரப்பை ஆரம்பிப்பது ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். ஆரம்பமே வாத்திய இசை. வேறு நிலையத்தின் வாடையே படாமல் முள்ளைக் கடையிலேயே மைசூரில் நிறுத்தி, நகராமலிருக்க நூலால் கட்டிக்கொண்டு போனேன்.

ஒன்றை மட்டும் நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வீட்டுச் சுவர்க்கடிகாரம் எப்போதும் முந்தி ஓடும். பெரியவர் உத்தியோகத்தில் இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான் ஓடுகிறது. ஊரில் மற்ற எல்லாக் கடிகாரமும் தாமதம் என்பது அவர் கட்சி. நான் கம்பியை உள்ளே கொடுத்துவிட்டு ஆண்டெனாவைச் சரிபார்த்துத் திரும்புவதற்குள் அவர் பட்டுக்கரை வேஷ்டியோடு மணையில் உட்கார்ந்துவிட்டார்.

“நேரம் வந்துடுத்து. திருகு.”

“சார், இன்னும் கொஞ்சம்...”

“அந்தக் கடிகாரத்தைப் பாரு. திருகு.”

திருகினேன். சத்தத்தைக் கூட்டும் திருகை மட்டும் முழுக்க அடைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டேன். நிலையம் இன்னும் ஆரம்பித்திருக்காது. இப்போது சத்தத்தைத் திறந்தால் வெறும் உறுமல்தான் வரும். வேறு பக்கம் முள்ளை நகர்த்தவும் பயம். விளக்கு எரிந்தது. பெரியவர் கண்ணை மூடிக் கைகூப்பியிருந்தார். வால்வு சூடாகி வெகு நேரமாயிற்று என்பது பெட்டியின் முதுகைத் தொட்ட கைக்குத் தெரிந்தது.

“என்னப்பா, ஒண்ணும் வரலையே.”

“சூடாகணும் சார்.”

“போன தடவை இவ்வளவு நாழி ஆகலையே? முகூர்த்தம் தாண்டிண்டிருக்கு. சத்தமே வரலேன்னா அதைவிட அபசகுனம் வேற இல்ல.”

சரி, இந்தப் பெட்டியும் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். அந்த நிமிஷத்தில் பெட்டியிலிருந்து பாட்டு வந்தது.

மெதுவாகத்தான் வந்தது. ஹம்ஸத்வனி. வார்த்தை இல்லாமல் வெறும் ஆலாபனை. கீழே தொட்டுத் தயங்கி, ஒரு மூச்சுக்குப் பிறகு பயம் விட்டு மேலே போயிற்று. எனக்கு ராகமெல்லாம் தெரியாது. பெரியவர்தான் கண்ணைத் திறக்காமல் “ஹம்ஸத்வனி” என்று முணுமுணுத்தார். கோவில் பாட்டுத் தவிர வேறு பாட்டுக்கு அசையாத எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்பாடா, மைசூர்க்காரர்கள் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டார்கள், நல்லவர்கள் என்று மனசுக்குள் கும்பிட்டேன். அதன் பிறகுதான் என் கையைக் கவனித்தேன். அது சத்தத் திருகின் மேலேயே இருந்தது. திருகு அடைத்தபடியே இருந்தது.

பாட்டு ரேடியோவுக்குப் பின்னாலிருந்து, கதவிடுக்கில் நுழைந்த கம்பி வழியே வருவதைப்போல வந்துகொண்டிருந்தது.

நான் நகரவில்லை. நகர்ந்தால் எதுவோ உடைந்துவிடும் என்று இருந்தது. பெரியவர் தொடையில் மெல்லத் தாளம் தட்டினார். ஆலாபனைக்குத் தாளம் கிடையாது என்பது அவருக்குத் தெரியாததில்லை. அவ்வளவு ஒன்றிப் போயிருந்தார். கடைசியில் குரல் இறங்கி அடங்கியது. அடங்கின இடத்திலேயே நான் திருகைத் திறந்தேன். அப்போதுதான் நிலையம் ஆரம்பித்து வீணை வந்துகொண்டிருந்தது. என் ஆயுளில் நான் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலை அதுதான்.

பெரியவர் கண்ணைத் திறந்தார். கண் கலங்கியிருந்தது.

“பக்கவாத்தியம்கூட இல்லாம என்ன தைரியமாப் பாடறா பாத்தியா? அந்த மேல் ஷட்ஜத்துல நின்னாளே! எந்த ஸ்டேஷன்?”

“மைசூர், சார்” என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

“பெட்டி நிக்கட்டும். இதைவிட சகுனம் வேணுமா?” என்று எழுந்து கற்பூரம் காட்டினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரியவரே என்னை வரச் சொல்லியிருந்தார். மாட்டுப்பெண்ணின் தங்கை பாடும்போது கரகரப்பு வந்தால் சரிசெய்ய ஆள் வேண்டும் என்றார். அன்றுதான் அந்த அம்மாளை முதல் தடவையாகப் பார்த்தேன். இடைகழிக் கதவைத் திறந்து வைத்து நிலைப்படியை ஒட்டி உட்கார்ந்திருந்தார். என்னைவிட இரண்டொரு வயது பெரியவராக இருக்கலாம். ரேடியோவில் தங்கையின் பெயரைச் சொன்னதும் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். பாட்டு முழுக்க அவர் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன, சத்தம் மட்டும் வரவில்லை. தங்கை நன்றாகவே பாடினாள். ஒரு இடத்தில் சற்றுத் தடுமாறியபோது அக்காள் பதறி முன்னால் சாய்ந்தார், அவளைக் கைகொடுத்துத் தூக்கப் போகிறவர் மாதிரி. தங்கை சமாளித்துக்கொண்டாள். அக்காள் முகத்தில் அப்போது வந்த சிரிப்பைப் பார்த்தபோது, மூன்று தடவை பெட்டி சுமந்தது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

பாட்டு முடிந்ததும் பெரியவர் பொடி போட்டுக்கொண்டு, “உன் தங்கை நன்னாத்தாம்மா பாடறா. நல்ல பாடம்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “ஆனா அன்னிக்கு ஒருத்தி பாடினா பாரு. இவ அவகிட்ட நிக்க முடியாது. அது வேற பிறவி. இல்லையாப்பா?”

நான் அந்த அம்மாளைப் பார்த்தேன். அவர் தலை குனிந்து தரையில் விரலால் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து காபி கொண்டுவர உள்ளே போனார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். பெரியவர் அடுத்த வாரமே கடைக்கு வந்துவிட்டார். ரேடியோவில் கோளாறாம்.

“என்ன கோளாறு சார்?”

“முதல் நாள் பாடினவ மறுபடி வரவே மாட்டேங்கறா.”

“தினமும் ஒரே ஆளைப் போட மாட்டாங்க சார்.”

“வாரத்துக்கு ஒரு தடவையாவது போட வேண்டாமா? அப்படிப்பட்ட குரலை யாராவது விடுவாளா? உன் பெட்டிதான் பிடிக்க மாட்டேங்கறது. அன்னிக்குப் பிடிச்சுது, இப்போ பிடிக்கல. கம்பி தளர்ந்திருக்கும், வந்து பாரு.”

போனேன். கம்பி சரியாக இருந்தது. திரும்ப வந்தேன். மறுபடி புகார். ஆண்டெனாவை உயர்த்தச் சொன்னார், உயர்த்தினேன். வால்வை மாற்றச் சொன்னார், மாற்றுவது போல எடுத்து அதையே துடைத்து மாட்டினேன். அவர் சாயங்காலமானால் கச்சேரிக்குப் போவதையே விட்டுவிட்டு, பெட்டியின் முன்னால் உட்கார்ந்து முள்ளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நகர்த்திக்கொண்டே இருப்பதாகக் கேள்விப்பட்டேன். முதலாளிக்கு எரிச்சல். “அந்தப் பெட்டில இன்னாதான்யா ரிப்பேரு?” என்று கேட்டார். என்ன சொல்வது? ஒன்றுமில்லை, ஒரு அம்மா வாயைத் திறந்தால் சரியாகிவிடும் என்றா சொல்வது?

ஒரு நாள் சாயங்காலம் போனபோது பெரியவர் பின்கட்டில் சந்தியாவந்தனத்தில் இருந்தார். நான் பெட்டியின் முதுகைக் கழற்றி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். கதவருகில் வளையல் சத்தம் கேட்டது.

“அம்மா” என்றேன், திரும்பாமலே. “எனக்கு இது பொறுக்கல. அவர்கிட்ட சொல்லிடட்டுமா? சகுனமெல்லாம் முடிஞ்சுபோச்சு, பெட்டிய இனிமே திருப்ப மாட்டார். சந்தோஷப்படுவார்.”

வளையல் சத்தம் கதவை ஒட்டி வந்தது.

“சொல்ல வேண்டாம்” என்றார். “சொன்னா அடுத்த நிமிஷமே அது மாட்டுப்பொண்ணோட குரல் ஆயிடும். ‘நன்னாப் பாடறியே, சரி, சாதம் ஆச்சா’ன்னு கேப்பார். இப்போ அவருக்கு அது ஒரு பாட்டுக்காரியோட குரல். தினமும் என்னைத் தேடிண்டு உக்காந்திருக்கார். என்னை யார் இப்படித் தேடினா?”

எனக்குக் கோபம் வந்தது. யாரிடம் காட்டுவது என்று தெரியாத கோபம். திருப்புளியை எடுத்து, கழற்றின முதுகை மறுபடி முடுக்க ஆரம்பித்தேன். அவர் சமையலறைக்குப் போய்விட்டார்.

பெரியவர் விபூதி ஈரத்தோடு கூடத்துக்கு வந்து மணையை இழுத்துப்போட்டுக்கொண்டார். “சரி பண்ணிட்டியா? மெதுவா நகர்த்து. அவசரப்படாதே, அவ எங்கேயாவது இடுக்குலதான் இருப்பா” என்றார்.

விளக்கு எரிந்தது. நான் முள்ளை ஒரு நூலளவு ஒரு நூலளவாக நகர்த்தினேன். எங்கோ செய்தி, எங்கோ வெள்ளைக்காரப் பேச்சு, நடுவில் இரைச்சல். சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பெரியவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்பக்கமாகத் திரும்பினார்.

“ஏம்மா, கொஞ்ச நாழி அங்கே சத்தம் போடாம இரு. அவ பாடினா எனக்குக் கேக்க வேண்டாமா?”

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.